தீக்காயத்தின் ஆழம் அறிய: லேசர் டாப்ளரா, ஸ்பெக்கிளா, தெர்மல் கேமராவா, ஓசிடியா?

கொதிக்கும் பால் கொட்டிய குழந்தையின் மார்பில் சிவப்பும் வெளுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து உடனே சிவக்கும் இடம் தானாக ஆறும். மெழுகுபோல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போன இடத்துக்குத் தோல் ஒட்டு வேண்டும். சிக்கல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காயங்களில்தான். மூன்று வாரங்களுக்குள் ஆறாத காயத்தில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அறுவையா காத்திருப்பா என்று விரைவில் முடிவெடுக்க வேண்டும். ஆனால், கண்பார்வையை மட்டும் நம்பினால் தேர்ந்த மருத்துவரின் கணிப்பும் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காடு வரையே சரியாக அமைகிறது.

தோலைத் தொடாமல் ஒளியால் அளக்கும் கருவிகளில் அதிகச் சான்று சேர்ந்திருப்பது லேசர் டாப்ளருக்கே. ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு கருவி ரத்த ஓட்டத்தை வண்ணப் படமாக வரைகிறது. ஓட்டம் மிகுந்த இடம் ஆறும், குறைந்த இடம் ஆறாது என்பதே அதன் தர்க்கம். ஆழம் உறுதியாகத் தெரியாத நடுத்தரக் காயங்களுக்கு இத்தகைய கருவி ஒன்றைப் பயன்படுத்த மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இல் பரிந்துரைத்தது. எனினும், காயம்பட்ட முதல் இரண்டு நாள்களில் திசு இன்னும் மாறிக்கொண்டிருப்பதால், 48 மணி நேரத்துக்குப் பிறகு, ஐந்தாம் நாளுக்குள் எடுக்கும் படமே நம்பகமானது. பழைய வகைக் கருவி காயத்தைப் புள்ளி புள்ளியாக வருடிச் செல்வதால் சில நிமிடங்கள் ஆகும். அழும் குழந்தை அத்தனை நேரம் அசையாமல் கிடக்குமா?

இங்கேதான் லேசர் ஸ்பெக்கிள் முந்துகிறது. லேசர் ஒளி தோலில் உண்டாக்கும் புள்ளித் தோற்றம் ரத்தம் ஓடும்போது கலைவதைக் கொண்டு, அது முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து நொடிகளில் படம் தருகிறது. ஆனால், அதன் எண்களை டாப்ளரின் எண்களோடு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

தோலின் வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமரா மலிவானது, கைபேசியிலேயே செருகலாம். ரத்த ஓட்டம் குறைந்த ஆழமான காயம் அதில் குளிர்ந்து தெரியும். ஆயினும், ஈரம் ஆவியாகும்போது காயம் குளிர்வதால் ஆழமற்ற காயமும் ஆழமானதுபோல் தோன்றிவிடும்.

ஒளியைக் கொண்டு தோலின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் ஓசிடி, ரத்த ஓட்டத்தைவிடத் தோலின் கட்டமைப்பையே முதன்மையாகக் காட்டுகிறது. ஒளியலை அதிரும் திசையில் ஏற்படும் மாற்றத்தை அளக்கும் அதன் துருவமுனைவு வகை, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் வெப்பத்தால் குலைந்ததையும் பிடிக்கும். ஆனால், அது எட்டுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம், ஒருமுறையில் பார்ப்பது சிறு சதுரம். முதுகு முழுவதும் வெந்தவருக்கு அது எப்படிப் போதும்?

இன்றைய நிலையில் டாப்ளரையே அளவுகோலாகக் கொண்டு, குழந்தைகளுக்கு ஸ்பெக்கிளைத் தேர்ந்தெடுப்பேன். தெர்மல் கேமராவைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். டாப்ளரோ ஸ்பெக்கிளோ, படம் எடுக்கும் முன் தீக்காயத்துக்குப் பூசும் வெள்ளைச் சில்வர் சல்ஃபாடையசின் களிம்பைத் துடைத்தெடுக்க வேண்டும்; மிஞ்சிய படலம் ஒளியைத் தடுத்து, நல்ல தோலையும் ரத்த ஓட்டம் குறைந்ததாகக் காட்டிவிடும்.