பி அண்ட் சி டிஇ250 டிரைவர், சியோஸ்-12 வேவ்கைடு: ஜோடி சேர்கிறதா?

எந்த கம்ப்ரஷன் டிரைவர் (மேல் ஒலியைக் கொடுக்கும் ஸ்பீக்கர் பாகம்) நல்லது என்று யார் கேட்டாலும், எந்த ஹாரனில் (டிரைவரின் ஒலியை வெளியே அனுப்பும் புனல்) மாட்டப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இத்தாலிய கம்பெனியான பி அண்ட் சியின் டிஇ250 எனக்குப் பிடித்த டிரைவர். 1 அங்குல வாய், 44 மிமீ வாய்ஸ் காயில் (டயஃபிரம் என்ற மெல்லிய தகட்டை அசைக்கும் கம்பிச்சுருள்). ஆனால் அதே டிரைவரைப் பழைய பிளாஸ்டிக் எக்ஸ்போனென்ஷியல் ஹாரனில் மாட்டிக் கேட்டால், நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டும் தவிலும் ஜால்ராவும் பளிச்சென்று விழும், சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கு மங்கிவிடும். அலைவரிசை ஏற ஏற அந்த வகை ஹாரன் ஒலியைக் குறுக்கி முன்னால் மட்டும் அனுப்புவதுதான் காரணம்.

சியோஸ்-12 வேவ்கைடு, அதாவது ஒலியைச் சீராக விரிக்க வடிவமைத்த ஹாரன், அப்படி இல்லை, பக்கவாட்டில் நன்றாக விரித்துக் கொடுக்கிறது, யார் எங்கே உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. ஒன்று மட்டும்: மாட்டியவுடன் ட்ரெபிள் கம்மியாகத் தெரியும். டயஃபிரத்தின் எடையால் எந்த கம்ப்ரஷன் டிரைவரும் 3, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரியத்தான் செய்யும், பழைய ஹாரன் குறுக்கி அனுப்பி அதை மறைத்துவிடும், இது மறைக்காது. கிராஸ்ஓவரில் (மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் பிரித்து அனுப்பும் சுற்று) ஈடு செய்தால் சரியாகிவிடும். அதைச் செய்யாமல் மட்டமான வேவ்கைடு என்று திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

போல்ட் துளை பொருந்திவிட்டால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டிரைவருக்குள்ளேயே ஒலி வரும் வழி கொஞ்சம் விரிந்துகொண்டே வருகிறது, வேவ்கைடின் தொண்டையும் அதே சாய்வில் தொடர வேண்டும். நடுவில் ஒரு படி இருந்தாலோ கேஸ்கெட் உள்ளே துருத்திக்கொண்டு நின்றாலோ மேல் ஒலியில் கரகரப்பு வரும். இந்த ஜோடியில் அந்தத் தொல்லை என் காதுக்குத் தெரியவில்லை.

கம்பெனி 1.6 கிலோஹெர்ட்ஸில் பிரிக்கச் சொல்கிறது, வீட்டுச் சத்தத்துக்கு ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவோடு 1.2 வரை இறக்கலாம். சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சக்திக்கு வரும் சத்தத்தின் அளவு) 108 டெசிபலைத் தாண்டுவதால் 12 அங்குல வூஃபரோடு (கீழ் ஒலி ஸ்பீக்கர்) சேர்க்க எல்-பேட் (சத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) போட்டு 10 டெசிபலுக்கு மேல் குறைக்க வேண்டியிருக்கும். டிரைவருக்குத் தனி ஆம்ப் கொடுத்தால் அதன் இரைச்சல் அப்படியே காதில் விழும், அதனால் அமைதியான ஆம்பாகப் பாருங்கள், அப்புறம் ஆன் செய்யும்போது வரும் 'டப்' டயஃபிரத்தைப் பதம் பார்க்காமல் இருக்கத் தொடரில் ஒரு கெபாசிட்டரும் போடுங்கள்.

மேசையில் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் கேட்பவர்களுக்கு இது வேண்டாம், ஒரு நல்ல டோம் ட்வீட்டரே போதும்.