பெர்சனல் டிரெய்னருக்கு ரூ.18,000 கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரையில் ஜிம்மில் சேரப்போகிறவர்கள், குறிப்பாகப் பெர்சனல் டிரெய்னர் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பைபாஸ் ரோடு பக்கம் ஏ.சி. போட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த ஜிம். பெயர் வேண்டாம். டிரெய்னருக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய், சந்தா தனி.

சேரும்போதே எனக்குக் கொடுத்த டிரெய்னர் தம்பியிடம் எனக்குக் கீழ்முதுகில் டிஸ்க் பிரச்சினை இருக்கிறது என்று சொல்லி, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும் போனில் காட்டினேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு நெற்றிப்பொட்டில் விரலால் தட்டி, "எல்லாம் இங்க ஏறிருச்சுண்ணே, இனிமே உங்க முதுகு என் பொறுப்பு" என்றார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் ஜிபேயில் 18,000 போனது.

அவர் இருந்தவரை குறையில்லை. டெட்லிஃப்ட், அதாவது குனிந்து தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்கிற பயிற்சி, வெறும் ராடில் ஆரம்பித்து 30 கிலோ வரை வந்தேன். அப்புறம் அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு என் பெயரே தெரியவில்லை, முதுகு எங்கே தெரியும்? "போன வாரம் எவ்வளவுண்ணே போட்டீங்க?" என்று என்னிடமே கேட்டார். முப்பது என்றேன். "ஒங்க உடம்புக்கு அது பத்தாதுண்ணே" என்று பிளேட்டுகளை மாற்றி 60 ஆக்கினார். இரண்டாவது தடவை தூக்கும்போது முதுகில் சுளீர் என்றது, ராடைப் போட்டுவிட்டு ரப்பர் தரையிலேயே படுத்துவிட்டேன். மேலே நின்றபடி அவர் சொன்னது: "டிஸ்க் இருக்குன்னு சொல்லவே இல்லையேண்ணே."

பிசியோதெரபி டாக்டர் எத்தனை கிலோ, எத்தனை செட், முந்தைய வாரங்களில் எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டார். ஜிம்மில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மேனேஜரைப் பார்க்கப் போனால் முதலில் "சார் வெளிய போயிருக்காரு", பிறகு "முகூர்த்தம் முடியட்டும்ணே", கடைசியில் ஆளே எதிரில் வந்து, "60 கிலோன்னு நீங்கதான சொல்றீங்க, எங்ககிட்ட அப்படி ரெக்கார்டு எதுவும் இல்லையே" என்றார். எழுதாமல் விட்டதே அவர்களுக்கு வசதியாகிவிட்டது! அதே மேஜையில் யார் யார் சந்தா எந்தத் தேதியோடு முடிகிறது என்று சிவப்பு மையில் எழுதிய ரிஜிஸ்டர் கிடக்கிறது. அதை எழுதக் கை வருகிறது, நான் தூக்கிய எடையை எழுத வராதா?

இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், ஒருவரால் பத்து முறை தூக்க முடிகிற எடை எவ்வளவு என்று பார்த்து, அதிலிருந்து கணக்குப் போட்டுத்தான் படிப்படியாக ஏற்றினார். போன வாரக் கணக்கே இல்லாதவர் எந்தப் படியிலிருந்து ஏற்றுவார்? தேதி, பயிற்சி, கிலோ, செட், எங்கே வலித்தது, இவ்வளவுதான் எழுத வேண்டியது. இரண்டு செட்டுக்கு நடுவில் இவர்கள் ரீல்ஸ் பார்க்கிற நேரம் போதும். டிரெய்னர் மாறினாலும் நோட்டு மாறாது. ஒழுங்காக வேலை பார்க்கிற டிரெய்னரை வீண் பழியிலிருந்து காப்பாற்றுவதும் அந்த நோட்டுதான்.

18,000-ஐத் திருப்பிக் கேட்டால் சுவரில் ஒட்டிய "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" அட்டையைக் காட்டுகிறார்கள். பில்லும் தரவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், உட்கார முடியவில்லை. சுருக்கமாக: வேறு ஒருவருடைய பயிற்சி நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். உடம்பில் உள்ள பிரச்சினையை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், நுகர்வோர் உதவி எண் 1915. நான் பேசிவிட்டேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.