ராணிகளை இன்னைக்கு போட்டோ எடுத்தா இப்படித்தான் இருக்கும் போல!

சரித்திரத்துல நாடாண்ட பெண்களை இப்போதைய மாடல்களை வச்சு புதுசா எடுத்த ஒரு போட்டோ புக் வாங்கினேன், ரெண்டு நாளா கையை விட்டு கீழ வைக்க மனசே வரல.

ஹட்ஷெப்சுட் படம்தான் உசிரு. எகிப்தை 20 வருஷத்துக்கு மேல ஆண்ட அம்மா, சிலைகள்ல பாரோக்கள் (எகிப்து ராஜாக்கள்) மாதிரி ஒட்டுத்தாடியோட இருப்பாங்க, செத்தப்புறம் அந்த சிலைகளையெல்லாம் உடைச்சுப் போட்டாங்க. இங்க தாடி மூஞ்சில இல்ல, கையில இருக்கு, பின்னாடி சுவத்துல சுரண்டி எடுத்த தடம், அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேச்சே வரல எனக்கு.

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தும் நல்லா இருக்கு, 1588ல ஆர்மடாங்கிற ஸ்பெயின் கப்பல் படையை ஜெயிச்சதுக்காக வரைஞ்ச ஓவியத்துல உலக உருண்டை மேல கை வச்சிருப்பாங்கல்ல, அதே போஸ், ஆனா சாதா சட்டை.

கிளியோபாட்ராதான் ஏமாத்தம். நாணயத்துல வளைஞ்ச மூக்கும் அழுத்தமான தாடையுமா இருக்குற ஆளை எதுக்குங்க மறுபடி அழகிப்போட்டி முகமா காட்டணும்? அமெரிக்க போட்டோகிராபர் சிண்டி ஷெர்மன் 1988-90லயே பழைய ஓவியங்களை ஒட்டுமூக்கெல்லாம் வச்சு எடுத்துக் காட்டிட்டாங்களே.

பேப்பர் பளபளப்பில்லாத மேட் வகை, கருப்பு நல்லா ஆழமா விழுந்திருக்கு. ரெண்டு பக்கம் விரியற படங்கள்ல மட்டும் பைண்டிங் முகத்தை முழுங்கிடுது, அது ரொம்ப வருத்தம். இருந்தாலும் தாராளமா வாங்கலாம்.