12 குதிரைவலு லான்ட்மாஸ்டர்: வன்னி வயலில் அதன் நிறையும் குறையும்

இரண்டு மூன்று ஏக்கர் வயலும் அதையொட்டிய தோட்டக் காணியும் உள்ள குடும்பத்துக்கு, 12 குதிரைவலு இரு சக்கர உழவு இயந்திரத்தைவிடப் பயனுள்ள முதலீடு வன்னியில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நாம் பொதுவாக லான்ட்மாஸ்டர் என்று சொல்லும் இவை பல பெயர்களில் விற்கப்படுகின்றன. நான் இங்கே மதிப்பிடுவது எஸ்-195 வகை டீசல் எஞ்சின் பூட்டிய சீனத் தயாரிப்பை. ஒரே சிலிண்டர், 95 மில்லிமீற்றர் விட்டம், 115 மில்லிமீற்றர் வீச்சு, நிமிடத்துக்கு 2000 சுற்றில் முழு வலு. பற்றரி இல்லாமல் கையால் சுழற்றியே ஸ்டார்ட் செய்யலாம். காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, உழுது, சேறு கலக்கி, பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டி நெல்லையும் பசளையையும் ஏற்றி இறக்கும் வரை எல்லாவற்றுக்கும் இது முகங்கொடுக்கும். ஆனால் பராமரிப்பை முழுவதுமாகக் கராஜிடம் ஒப்படைத்துவிட்டு இருக்கக்கூடிய இயந்திரம் இதுவன்று.

முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியில் இவ்வகை எஞ்சினுக்கு நேரும் கேட்டில் பெரும்பங்கு அங்கிருந்தே தொடங்குகிறது. இந்த அமைப்பில் றேடியேற்றரும் இல்லை, நீர்ப்பம்பும் இல்லை. எஞ்சினின் மேலுள்ள தொட்டியில் நிற்கும் நீர் கொதித்து ஆவியாவதாலேயே சூடு வெளியேறுகிறது. ஆகவே தொட்டி வாயிலிருந்து ஆவி எழுவது பழுதன்று. சிவப்பு மிதவை கீழே இறங்குவதே எச்சரிக்கை. நம் பகுதியின் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் கிடைப்பது சுண்ணாம்பு மிகுந்த நீர். நீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு உள்ளேயே தங்கிச் சிலிண்டரைச் சுற்றி ஓடுபோல இறுகிவிடுகிறது. அதன்பின் தொட்டி நிறைய நீர் நின்றாலும் சூடு வெளியேறாது, பிஸ்டன் இறுகும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவது மிக நல்லது. இல்லையேல் குளத்து நீரைத் துணியில் வடித்து ஊற்றலாம். நீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் வெடித்துவிடும் என்பதை, வாய்க்காலுக்குப் பக்கத்தில் நின்று அவசரப்படுபவர்கள் தயவுசெய்து மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது புழுதி. மழைக்கு முந்திய உழவில் செம்மண் தூள் எழுந்து இயந்திரத்தையே மூடும் நாட்களில், எயார் பில்ரரின் அடிக்கிண்ணத்திலுள்ள ஒயில் மாலைக்குள் குழம்பாகிவிடும். நூறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்ற பொது விதி இங்கே பொருந்தாது. புழுதி உழவின்போது அன்றாடம் கழற்றிக் கழுவி, குறித்த மட்டம் வரை மாத்திரம் ஒயில் விட வேண்டும். கரும்புகை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது, பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கக்கூடும். ஸ்டார்ட் ஆக மறுத்து வெண்புகை கக்கினால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின் பின் கான்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமிக்கும் பழக்கம் பலரிடம் நிலைத்துவிட்டதால், இந்தக் கோளாறு அரிதன்று. தாங்கியின் அடியிலுள்ள அழுக்கை வடித்து, டீசல் பம்பின் திருகைச் சற்றுத் தளர்த்தி, காற்றுக்குமிழி நிற்கும் வரை டீசலை ஓடவிட்டு இறுக்கினால், பெரும்பாலும் கராஜுக்குப் போகாமலே சரியாகும். அதன்பின் கையால் சுழற்றும்போது டீசலைத் தூவும் நொசிலில் தெளிவான 'கிறீக்' ஒலி கேட்க வேண்டும். கேட்டும் ஸ்டார்ட் ஆகவில்லையெனில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியைப் பார்க்கலாம்: உள்வால்வுக்கு 0.35, வெளிவால்வுக்கு 0.45 மில்லிமீற்றர்.

இயந்திரத்தைவிட விற்பனையாளர் மீதுதான் எனக்கு மனக்குறை அதிகம். எங்களுக்குத் தந்த கைநூலில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. மூன்று பெல்ற்றுகளில் ஒன்று அறுந்தபோது கடைக்காரர் ஒன்றை மட்டும் மாற்றித் தந்தார். புதியது தனியே பாரத்தைத் தாங்கி விரைவில் அதுவும் போனது. மூன்றையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் விடப் பெரிய விடயத்தை வாங்கும் நாளில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. திருப்புபிடி என்பது அந்தந்தப் பக்கச் சில்லை எஞ்சினிலிருந்து விடுவிக்கும் பிடி. சமதரையில் இடப்பக்கத் திருப்புபிடியை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து பாரத்துடன் இறங்கும்போதோ, விடுபட்ட இடச்சில்லு தன்போக்கில் உருள, வலச்சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருப்பதால், அதே பிடி வண்டியை வலப்பக்கம் இழுத்துவிடும். இறக்கத்தில் சிறிய கியரில் மெதுவாக வந்து, திருப்புபிடிகளைத் தொடாமல், கைபிடியைக் கையால் தள்ளியே திருப்ப வேண்டும். பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஊரில் இதைச் சொல்லாமல் இயந்திரம் விற்பது பொறுப்பற்ற செயல்.

உதிரிப்பாகங்களில் குறையில்லை, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெரும்பாலானவை கிடைக்கின்றன. பழையதை வாங்க நினைப்பவர்கள் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் பல குறைகள் மறைந்துவிடும். அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்பைத் தொடாமல் கையால் சுழற்றினால் எஞ்சின் பலமாக எதிர்க்க வேண்டும். இலகுவாகச் சுற்றினால் றிங்கோ வால்வோ தேய்ந்துள்ளது. பின்னர் கியர்பெட்டியின் அடித்திருகைத் தளர்த்திக் கொஞ்சம் ஒயிலை விரலில் ஏந்திப் பாருங்கள். அது பாலேறிய தேநீர் நிறத்தில் இருந்தால், சில்லு அச்சின் ஒயில் சீல் வழியாகச் சேற்றுநீர் உள்ளே போயிருக்கிறது. பெயரிங், கியர் மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.