ஞாயிறு சமையலறை அறிவியல் வகுப்பு: வடுமாங்காய் பாஸ், கேஸ் அடுப்பு ஃபெயில்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளை எங்கள் ஊரில் நடக்கும் சமையலறை அறிவியல் வகுப்பில் சேர்த்திருந்தேன். மார்ச் மாதம் நான்கு ஞாயிறு, தலைக்கு 1,200 ரூபாய். பெற்றோரும் உட்காரலாம் என்றார்கள், உட்கார்ந்தேன்.

முதல் வாரம் சுமார்தான். செல் ஒரு சமையலறை, உட்கரு தலைமைச் சமையல்காரர், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா கேஸ் அடுப்பு என்று ஒரே உவமை மழை. உட்கரு எங்கே சமைக்கிறது? அது குறிப்பு நோட்டைப் பூட்டி வைத்திருக்கிற அலமாரி, அவ்வளவுதான். வேண்டிய பக்கத்தை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவருவது எம்ஆர்என்ஏ, அந்தச் சீட்டைப் பார்த்துப் புரதத்தைச் செய்வது ரைபோசோம். அடுப்பு உவமை இன்னும் மோசம், ஏனென்றால் கேஸ் ஒரேயடியாக எரிந்து சூடாகிறது, செல்லோ குளுக்கோஸைப் படிப்படியாகச் சிதைத்து அந்த ஆற்றலில் ஒரு பகுதியை ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறாகச் சேர்த்துக்கொள்கிறது, அதுவும் 37 டிகிரியில்.

ஆனால் அன்றைக்கே ஆளுக்கொரு பாட்டிலில் வடுமாங்காயும் கல்லுப்பும் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அடுத்த ஞாயிறு பார்த்தால் மாங்காய் சுருங்கி, பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர்! உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குச் சவ்வு வழியாகத் தண்ணீர் நகரும் சவ்வூடு பரவலைப் படம் போட்டு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வெளியே வருகிறது, உப்பு ஏன் உள்ளே போகவில்லை என்று ஒரு பையன் கேட்டான். செல் உயிரோடு இருக்கும்வரை அதன் சவ்வு தண்ணீரைப் போகவிட்டு உப்பைத் தடுக்கும், செல் செத்தபின் தடுக்க ஆளில்லை, அதனால்தான் நாளாக ஆக மாங்காய் உள்ளேயும் உப்பேறுகிறது என்றார் ஆசிரியை. இந்த ஒரு பதிலுக்கே கட்டணத்தில் பாதி கொடுக்கலாம்.

வெங்காயமும் அப்படித்தான். வேதிவினையைத் தூண்டும் புரதமான நொதி செல்லுக்குள் ஒரு தனிப் பையில் இருக்கிறது, அது வேலை செய்ய வேண்டிய கந்தகச் சேர்மம் பைக்கு வெளியே. கத்தி பையைக் கிழித்ததும் இரண்டும் கலந்து கண் எரிகிறது. ஃப்ரிட்ஜில் வைத்த வெங்காயத்தையும் வெளியே கிடந்ததையும் அடுத்தடுத்து நறுக்கச் சொன்னார்கள், குளிரில் நொதி மந்தமாவதைக் கண்ணே சொல்லிவிட்டது.

மூன்றாம் வாரம் எலுமிச்சை பிழிந்து பால் திரித்தது, சரி, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். கடைசி வாரம் இட்லி மாவு பொங்குவதற்கு ஈஸ்ட்தான் காரணம் என்று சொன்னது எனக்கு உறுத்தியது. ஈஸ்டும் இருக்கும், ஆனால் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. கரியமில வாயுவும் அதுதான், புளிப்பில் ஒரு பங்கும் அதுதான். அப்புறம், முப்பது பேர் உட்கார்ந்த அறையில் ஒரே ஒரு மின்விசிறி.

உவமை சொல்லும்போது சறுக்குகிறார்கள், சமைத்துக் காட்டும்போது அசத்துகிறார்கள். முதல் வாரத்தைத் தவிர்த்துவிடலாம் என்று சொல்லியிருப்பேன், ஆனால் வடுமாங்காய் பாட்டிலை அன்றைக்குத்தான் தருகிறார்கள்.