மீடியம் ஃபார்மட்டா, ஃபுல் ஃபிரேமா? சென்சாருக்கு முன்னால் லென்ஸைப் பாருங்கள்

'மீடியம் ஃபார்மட்' என்றால் ஃபுல் ஃபிரேமைவிடப் பெரிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமரா. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ், ஹாசெல்பிளாட் எக்ஸ் ஆகிய இரு வரிசைகளிலும் சென்சார் சுமார் 44×33 மி.மீ. தான். ஃபிலிம் காலத்து மீடியம் ஃபார்மட்டிலேயே சிறியதான 6×4.5 செ.மீ. அளவைவிட இது சிறியது. ஃபுல் ஃபிரேம் 36×24 மி.மீ. ஆக, பரப்பு 1.67 மடங்கு, ஒளிக் கணக்கில் முக்கால் ஸ்டாப்பைத் தொடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), அவ்வளவே. 53.4×40 மி.மீ. சென்சார் உள்ள ஃபேஸ் ஒன் நிறுவன கேமரா வேறு கதை, விலையும் அப்படித்தான்.

ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் (102 மெகாபிக்சல்), சோனி ஏ7ஆர் 5 (61 மெகாபிக்சல்) இரண்டிலும் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். பெரிய சென்சாரில் பிக்சல் பெரிதாகவில்லை, எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. அகலவாக்கில் 11,648-க்கு எதிராக 9,504, அதாவது 23 சதவீதம் கூடுதல். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் 38.8 அங்குலமும் 31.7 அங்குலமும் வரும். படத்தை 4:5 விகிதத்தில் வெட்டுபவருக்குக் கணக்கு மாறுகிறது: மீடியம் ஃபார்மட்டில் 95 மெகாபிக்சல் மிஞ்சும், ஃபுல் ஃபிரேமில் 50 தான். போர்ட்ரெய்ட், பொருள் படம், பத்திரிகைப் பக்கம் என்று வேலை செய்பவருக்கு இது பெரிய வித்தியாசம். 3:2 அகலப் படமே எடுப்பவருக்கு அந்தக் கூடுதல் உயரம் வீண்.

"மீடியம் ஃபார்மட்டின் பின்னணி மங்கல் தனி அழகு" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 44×33-க்கான பெருக்கெண் 0.79; லென்ஸின் மி.மீ. அளவையும் எஃப் எண்ணையும் இதால் பெருக்கினால் ஃபுல் ஃபிரேமில் அதற்குச் சமமானது கிடைக்கும். எஃப் எண் சிறிதாக ஆக, ஒளியும் மங்கலும் கூடும். ஜிஎஃப்எக்ஸுக்கான ஜிஎஃப் 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 87 மி.மீ. எஃப்/1.6 போல நடந்துகொள்ளும். சாதாரண 85 மி.மீ. எஃப்/1.4 அதைவிட மங்கலாக்கும், எஃப்/1.2 பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜூம் லென்ஸ்களிலும் இதே நிலைதான்: ஜிஎஃப் 45-100 மி.மீ. எஃப்/4 என்பது 36-79 மி.மீ. எஃப்/3.2-க்குச் சமம், எடை ஒரு கிலோ. எஃப்/2.8 ஜூம் பிடித்த ஃபுல் ஃபிரேம்காரர் ஒளியிலும் மங்கலிலும் பின்தங்கவில்லை.

இன்னொரு பக்கம், எல்லாம் தெளிவாக வேண்டும் என்றால்? ஃபுல் ஃபிரேமில் எஃப்/8 தரும் அதே டெப்த் ஆஃப் ஃபீல்டுக்கு (தெளிவாகத் தெரியும் ஆழத்துக்கு) மீடியம் ஃபார்மட்டில் எஃப்/10 வைக்க வேண்டும். ஷட்டர் வேகத்தைக் குறைக்க முடியாத இடத்தில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) 100-இலிருந்து 160 ஆக்கியாக வேண்டும். அப்போது இரு சென்சாரிலும் விழும் மொத்த ஒளி ஒன்றே, நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலும்) கிட்டத்தட்ட ஒன்றே. பெரிய சென்சாரின் ஒளி லாபம் கைக்கு வருவது, கூடுதல் ஒளி கொடுக்க வழி இருக்கும்போதுதான்: முக்காலியில் நீண்ட எக்ஸ்போஷர், அல்லது சக்தி மிச்சமுள்ள ஃபிளாஷ். அங்கேயும் நிக்கான் இசட்7 2 போல அடிப்படை ஐஎஸ்ஓ (தொடக்க அளவு) 64 உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா 0.64 ஸ்டாப் அதிக ஒளியை வாங்கிக்கொள்ளும். ஐஎஸ்ஓ 100-இல் தொடங்கும் 100எஸ்ஸின் முன்னிலை அதில் கரைந்துவிடுகிறது. ஹாசெல்பிளாட் எக்ஸ்2டியும் 64-இல் தொடங்குவதால் அதன் முன்னிலை நிற்கும்.

வெயிலில் ஃபிளாஷ் போட்டு ஆட்களை எடுப்பவர் ஹாசெல்பிளாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் 1/2000 நொடி ஷட்டர் வேகத்திலும் முழுச் சக்தி ஃபிளாஷ் ஒத்துப்போகும் (இதுதான் சிங்க்). பெரும்பாலான ஃபுல் ஃபிரேம் கேமராக்கள் 1/200, 1/250-இல் நின்றுவிடும். அதற்கு மேலான வேகத்துக்கு ஹை ஸ்பீட் சிங்க் வசதியைப் போட்டால் ஃபிளாஷின் சக்தி சரியும். ஆனால் மீடியம் ஃபார்மட் என்றாலே இந்த வசதி வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிஎஃப்எக்ஸில் ஷட்டர் கேமராவுக்குள் இருக்கிறது, சிங்க் 1/125 தான், ஃபுல் ஃபிரேமைவிட மோசம்.

ஓடும் குழந்தை, விளையாட்டு, பறவை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபுல் ஃபிரேம்.

பழைய 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கேமரா மலிவாகக் கிடைத்தாலும் நிதானியுங்கள். ஜிஎஃப்எக்ஸ் 50 வரிசையில் கான்ட்ராஸ்ட் முறை (விளிம்புகளின் தெளிவைப் பார்த்துச் சரிசெய்யும்) ஆட்டோஃபோகஸ் மட்டுமே உண்டு. மங்கிய ஒளியில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். அகலம் 8,256 பிக்சல், அதாவது 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமைவிடக் குறைவு.

முடிவெடுக்குமுன் இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். ஒரே காட்சி, முக்காலி, 2 நொடி டைமர், ஃபுல் ஃபிரேமில் எஃப்/8, மற்றதில் எஃப்/10. ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கிக் கையால் வையுங்கள். இல்லையென்றால் கேமராவை அல்ல, ஆட்டோஃபோகஸைத்தான் ஒப்பிடுவீர்கள். திரையில் 100 சதவீதத்தில் பார்க்காமல், நீங்கள் வழக்கமாக அச்சிடும் அளவில் இரண்டையும் அச்சிட்டு, எது எது என்று தெரியாதவரிடம் கொடுங்கள். கணினியையும் சோதியுங்கள்: சுருக்காத 102 மெகாபிக்சல் ரா கோப்பு (சென்சார் தரும் மூலத் தரவு) ஒன்று 200 எம்பியைத் தாண்டும், 500 படம் எடுத்தால் 100 ஜிபி, காப்புப் பிரதிக்கு இன்னொரு 100.