‘இன்டு’வா, ‘கீன் ஆன்’னா, ‘ஹுக்ட்’டா?

“செஸ்னா எனக்கு உயிர்” என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பலர் வாயில் முதலில் வருவது ‘ஐ ஆம் வெரி ஃபாண்ட் ஆஃப் செஸ்’. பிழையில்லை, பள்ளிக் கட்டுரை வாடை அடிக்கும், அவ்வளவுதான். பேச்சில் புழங்குபவை வேறு.

எந்த நாட்டிலும் செல்லுபடியாவது ‘ஐம் இன்டு செஸ்’. அழுத்தம் ‘இன்’னில் விழ வேண்டும். ஆர்வத்தைக் கூட்ட முன்னால் ‘ரியலி’ போடுங்கள்; ‘வெரி’ அவ்வளவாக ஒட்டாது. ஆர்வம் தொற்றிக்கொண்ட காலத்தைச் சொல்ல ‘காட் இன்டு’: ‘ஐ காட் இன்டு செஸ் லாஸ்ட் இயர்’. ஒரு வில்லங்கம் உண்டு. ‘ஐம் இன்டு ஹெர்’ என்றால் அந்தப் பெண்மீது ஈர்ப்பு என்றுதான் பொருள். தோழியைப் பற்றிப் பேசும்போது நாக்கைக் கட்டுங்கள்.

‘கீன் ஆன்’ பிரிட்டிஷ் சரக்கு. அமெரிக்கருக்குப் புரியும், ஆனால் அவர்கள் பேச்சில் அபூர்வம். நம்மவர்கள் இடறுவது இதன் வாலில்தான். ‘கீன் ஆன் பிளேயிங்’ என்றால் விளையாடுவது பிடிக்கும். ‘கீன் டு பிளே’ என்றால் விளையாட ஆசை, வாய்ப்புக் கிடைத்தால் போதும். இரண்டையும் குழப்பி ‘கீன் ஆன் டு பிளே’ என்றால் தப்பு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெறும் ‘கீன்?’ என்றே கேட்பார்கள், “வர்றியா?” என்று அர்த்தம்.

நம் ‘கிரிக்கெட் பைத்தியம்’ என்பதற்கு நேர் ‘கிரேஸி அபவுட்’. ‘மேட் அபவுட்’டுக்கும் அதே சூடுதான். ஆனால் அமெரிக்காவில் ‘மேட்’ என்றால் முதலில் கோபம். ‘ஐம் மேட் அபவுட் தி மேட்ச்’ என்றால், தோற்ற கடுப்பில் பேசுகிறீர்கள் என்று நினைப்பார்கள். அங்கே ‘கிரேஸி’யே போதும்.

‘ஹுக்ட் ஆன்’ தூண்டில் முள்ளிலிருந்து வந்தது. “ஒரு எபிசோட்தான் பார்த்தேன், சிக்கிட்டேன்” என்கிற இடத்துக்குக் கச்சிதம். போதைப் பழக்கத்துக்கும் இதே சொல் என்பதால் வேலை நேர்காணலில் வேண்டாம். அங்கே ‘ஐ என்ஜாய்’ போதும்.

‘பிக் ஃபேன் ஆஃப்’ பார்ப்பதற்கும் கேட்பதற்கும் சாப்பிடுவதற்கும்தான் அதிகம் பொருந்தும். கையால் செய்கிற தையல், தோட்ட வேலைக்கு ‘இன்டு’வே மேல். ஆனால் இதன் எதிர்மறைதான் தங்கம். விருந்துக்குப் போன வீட்டில் கத்திரிக்காய் பரிமாற வந்தால், ‘ஐ ஹேட்’ என்று முகத்தைச் சுளிக்காமல் ‘நாட் எ பிக் ஃபேன் ஆஃப் பிரிஞ்சால்’ என்று சொல்லுங்கள். பிரிட்டன் வீடென்றால் ‘பிரிஞ்சால்’ எல்லோருக்கும் புரியாது, ‘ஓபர்ஜீன்’ என்று சொல்லுங்கள். அமெரிக்க வீடென்றால் ‘எக்பிளான்ட்’.